உழைப்போரைத் தேடிச் சென்ற எழுத்து
ராஜம் கிருஷ்ணனின் வாழ்வும் நாவல்களும்

முன்னுரை

1884-ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டின் வடபகுதியில் அன்சான் என்னும் ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தனர். அவ்வூருக்குப் பாரிசு நகரிலிருந்து ஓர் எழுத்தாளர் வந்து சேர்ந்தார். தொழிலாளரின் வீடுகளைப் பார்த்தார். சுரங்கத்தின் உள்ளேயும் இறங்கினார். கண்டதையும் கேட்டதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு அவருடைய 'ஜெர்மினல்' என்னும் நாவல் நூலாக வெளிவந்தது. அவர் பெயர் எமிலி ஜோலா. பின்னாளில், செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட டிரைபஸ் என்னும் யூதப் படை அதிகாரிக்காக 1898-ஆம் ஆண்டு சனவரி 13 அன்று பிரான்சுக் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவரும் இவரே. அக்கடிதத்துக்காக அவருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் இங்கிலாந்து சென்று தங்க நேர்ந்தது. ஜோலா 1902-இல் காலமானார். டிரைபஸ் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு 1906-இல்தான் வந்தது.

ஜோலாவின் நூல்கள் நம் திருச்சபையின் தடைநூற் பட்டியலில் இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பட்டியல் 1966-இல் கைவிடப்பட்டது. ஆயினும், 'ஜெர்மினல்' வெளிவந்த ஆறே ஆண்டுகளில், அதாவது 1891-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றித் தம் புகழ்பெற்ற சுற்றுமடலை எழுதினார். நேர்மையான கூலி, ஓய்வு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை அம்மடல் வலியுறுத்தியது. நாவலாசிரியரும் திருத்தந்தையும் வேறு வேறு வழியில் நடந்தவர்கள். எனினும் இருவர் கண்ணிலும் பட்டது ஒரே துன்பம்.

இவ்வாறு உழைப்போரைத் தேடிச் சென்று எழுதிய நாவலாசிரியர் தமிழில் உண்டா? உண்டு. அவர் ஒரு பெண். பள்ளியில் நெடுங்காலம் படிக்கும் வாய்ப்புப் பெறாதவர். அவரே ராஜம் கிருஷ்ணன். அவருடைய வாழ்வையும் சில நாவல்களையும் அறிவதும், தோல் தொழிலை நம்பி வாழும் நம் பகுதியினர் அவரிடம் கற்க வேண்டியது யாது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் இல்லறமும்

ராஜம் கிருஷ்ணன் 1925-ஆம் ஆண்டு நவம்பர் 5 அன்று திருச்சி மாவட்டம் முசிறியில் பிறந்தார். பதினைந்து வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. இன்று நம்மில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவியின் வயது அது! கணவர் கிருஷ்ணன் மின்துறைப் பொறியாளர். அவருடைய பணி காரணமாகக் குடும்பம் ஊர் ஊராக இடம் பெயர்ந்தது.

இடமாற்றத்தைப் பல பெண்கள் சுமையாகவே உணர்வார்கள். பாத்திரங்களை மூட்டை கட்டுவதும், புதிய ஊரில் பால்காரரைத் தேடுவதுமாகவே நாள்கள் கழிந்துவிடும். ராஜம் கிருஷ்ணனோ போன இடமெல்லாம் மக்களைக் கவனித்தார். நீலகிரியில் வாழ்ந்த காலத்துப் பயனாகப் படகர் மக்களின் வாழ்க்கை மாற்றத்தைச் சொல்லும் 'குறிஞ்சித் தேன்' பிறந்தது. அணைகளும் மின்நிலையங்களும் தேயிலைத் தோட்டங்களும் வரும்போது ஒரு மலைச் சமூகம் எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்று அந்நாவல் கேட்கிறது.

அதற்கு முன்பே, 1953-இல், 'பெண் குரல்' என்னும் நாவலுக்காகக் கலைமகள் பரிசு பெற்றிருந்தார். 1973-ஆம் ஆண்டு 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தமிழில் அவ்விருதைப் பெற்ற முதல் பெண் எழுத்தாளர் அவரே. காந்தியடிகளின் நூற்றாண்டைக் கொண்டாடிய நாட்டில் காந்தியின் கொள்கைகள் என்ன ஆயின என்ற கேள்வியை எழுப்பும் நாவல் அது. கோவா விடுதலைப் போராட்டத்தைக் கூறும் 'வளைக்கரம்' நாவலுக்கு 1975-இல் சோவியத் நாடு நேரு விருது கிடைத்தது.

சென்று, கண்டு, எழுதியவர்

அவருடைய நாவல்களின் களங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் நமக்கு வியப்பு உண்டாகிறது. தூத்துக்குடி உப்பளம், தென்கடற்கரை மீனவர் குப்பம், தஞ்சை நெல்வயல், தீப்பெட்டித் தொழிற்சாலை, சம்பல் பள்ளத்தாக்கு! சம்பல் கொள்ளையர் 1972-இல் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னிலையில் ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைந்தனர்; அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றியது 'முள்ளும் மலர்ந்தது' என்னும் நாவல்.

இவற்றை அவர் வீட்டு முன்கூடத்தில் அமர்ந்து கற்பனை செய்யவில்லை. அந்தந்த இடங்களுக்கு நேரில் போனார். தொழிலாளரோடு, குறிப்பாகப் பெண்களோடு, அமர்ந்து பேசினார். அவர்கள் தொழிலில் வழங்கும் சொற்களைக் கேட்டு அறிந்தார். கூலி எவ்வளவு, அதில் பிடித்தம் எவ்வளவு, கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், மழைக்காலத்தில் அடுப்பு எப்படி எரிகிறது என்று விசாரித்தார். அதன் பின்னரே எழுதினார். இந்த வரிசை முக்கியமானது. முதலில் செல்லுதல், அடுத்துக் காணுதல், பிறகு கேட்டல், கடைசியில் எழுதுதல்.

கரிப்பு மணிகள்

1979-இல் வெளிவந்த 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. உப்பு விளையும் விதத்தை முதலில் அறிந்துகொள்வோம். உப்பளத்தை அங்கே 'அளம்' என்பார்கள். கடல்நீரையோ நிலத்தடி உப்புநீரையோ பாத்திகளில் பாய்ச்சுவர். வெயிலில் நீர் வற்றி உப்பு மணிமணியாக இறங்கும். அதைப் பலகையால் வாரிக் கரையில் குவிப்பர். பெண்கள் அதைத் தலைச்சுமையாக எடுத்துச் சென்று அம்பாரமாகக் கொட்டுவர். வெயில் கடுமையாக இருந்தால்தான் உப்பு நன்றாக விளையும். ஆகவே உழைப்பவருக்கு எது மிகக் கொடிய காலமோ அதுவே முதலாளிக்கு நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வேலை இல்லை, கூலியும் இல்லை.

வெண்மையான பாத்திகளில் பட்டுத் திரும்பும் ஒளியால் கண் கெடும். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும். வெடிப்பில் உப்பு இறங்கினால் எரியும். இந்த அளத்தில் வேலைக்குப் போகும் பொன்னாச்சி என்னும் இளம்பெண்ணின் கண்வழியே நாம் உப்பளத்தைப் பார்க்கிறோம். வெயிலும் உப்பும் மட்டும் அவளுடைய பகைவர் அல்லர். வேலை கொடுக்கும் கையில் அதிகாரம் இருக்கிறது; அந்த அதிகாரம் ஏழைப் பெண்ணின் மானத்துக்கு எப்படி ஆபத்தாகிறது என்பதையும் ஆசிரியர் அஞ்சாமல் எழுதுகிறார். ராமசாமி என்னும் தொழிலாளி இளைஞன் வாயிலாக, சேர்ந்து நின்று நியாயம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் தொழிலாளரிடையே முளைவிடுவதையும் காட்டுகிறார்.

கரிப்பு என்றால் உப்புச் சுவை. கண்ணீருக்கும் வியர்வைக்கும் அதே சுவைதான். தலைப்பின் பொருத்தத்தை நாவலைப் படித்து முடிக்கும்போது நாம் உணர்கிறோம்.

குழந்தைகளும் கடற்கரை மக்களும்

'கூட்டுக் குஞ்சுகள்' நாவல் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த சிறுவர் சிறுமியரைப் பற்றியது. பறவை தன் குஞ்சுக்கு இரை தேடித் தருவது இயற்கை. குஞ்சுகளே இரை தேடிக் கூட்டைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தால் அச்சமூகத்தை என்னென்பது? குழந்தைத் தொழிலாளர் முறையைத் தடை செய்து ஒழுங்குபடுத்தும் சட்டம் 1986-இல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்நாவல் இக்கேள்வியைக் கேட்டது. நம் குடியாத்தத்திலும் தீப்பெட்டித் தொழில் உண்டு. பீடி சுற்றும் வீடுகள் நம் மாவட்டங்களில் ஏராளம். ஆகவே இது எங்கோ சிவகாசிப் பக்கத்துக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

'அலைவாய்க் கரையில்' நாவல் கத்தோலிக்க மீனவ மக்களின் வாழ்வைக் கூறுவது. வலையும் மரமும் கடன்பட்டு வாங்கி, பிடித்த மீனில் பங்கு பங்காகப் பிறருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் மக்களை அதில் காண்கிறோம். கோயிலுக்கும் அவ்வேழை மக்களுக்கும் இடையே இருந்த உறவைப் பற்றியும் ஆசிரியர் சில கடுமையான கேள்விகளைக் கேட்கிறார். கத்தோலிக்கப் பள்ளியில் பயிலும் நமக்கு அப்பகுதிகளைப் படிக்கையில் மனம் சங்கடப்படலாம். அச்சங்கடம் நல்லதே. கூலி கொடாமல் நிறுத்திவைக்கப்பட்ட உழைப்பாளியின் கூக்குரல் ஆண்டவரின் செவியை எட்டுகிறது என்று புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரித்தது விசுவாசிகளை நோக்கித்தானே?

மணலூர் மணியம்மை

எழுதப்படாமல் மறைந்துபோகவிருந்த ஒரு பெண்மணியின் வரலாற்றையும் ராஜம் கிருஷ்ணன் மீட்டுத் தந்தார். தஞ்சைப் பகுதியில் வாழ்ந்தவர் மணலூர் மணியம்மை. அந்தணக் குடும்பத்தில் பிறந்து இளமையிலேயே கணவரை இழந்தவர். அக்கால வழக்கப்படி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க அவர் மறுத்தார். தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார், வேட்டியும் சட்டையும் அணிந்தார், பண்ணையாள்களின் குடிசைகளுக்குச் சென்று அவர்களை ஒன்றுதிரட்டினார். முதலில் காங்கிரசிலும் பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்திலும் பாடுபட்டார். 1953-இல் ஒரு மான் முட்டியதால் உயிர் துறந்தார்.

ராஜம் கிருஷ்ணன் அப்பகுதி மக்களைச் சந்தித்து, நினைவில் இருந்தவற்றைத் திரட்டி, 'பாதையில் பதிந்த அடிகள்' என்னும் நூலாக 1991-இல் வெளியிட்டார். எழுத்தாளர் ஒருவர் தேடிச் செல்லாவிட்டால், ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் எப்படித் தடமின்றி அழிந்துபோகக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

கலையா, செய்தியா?

ராஜம் கிருஷ்ணனின் நாவல்களைப் பற்றி ஒரு குறை கூறப்படுவது உண்டு. அவற்றில் செய்திகள் மிகுதி, கதாபாத்திரங்கள் ஆசிரியரின் கருத்தைப் பேசுகிறார்கள், கலை நயம் குறைகிறது என்பது அக்குறை. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. சில இடங்களில் பாத்திரங்கள் மேடையில் நின்று பேசுவதுபோல் நமக்கும் தோன்றியது.

ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாதத்தில் உப்பு இறங்கும் எரிச்சல் வாசகருக்கு உறைக்க வேண்டுமானால் அளத்தில் வேலை நடக்கும் விதம் தெரிந்தாக வேண்டும். கூலிக் கணக்குத் தெரியாவிட்டால் அநீதி எங்கே நடக்கிறது என்றே புரியாது. 'ஐயோ பாவம்' என்று பொதுவாக இரங்குவது எளிது. அந்த இரக்கம் அடுத்த பக்கத்தில் மறந்துபோகும். எந்த வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, அதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று அறிந்தபின் எழும் இரக்கம் எளிதில் மறையாது. இந்நாவல்களில் செய்தி செய்யும் பணி இதுவே.

மற்றொரு கேள்வியும் உண்டு. அவர் உப்பளத்தில் பிறந்தவர் அல்லர், மீனவரும் அல்லர். வெளியிலிருந்து போனவர் எவ்வளவுதான் பார்க்க முடியும்? இக்கேள்விக்குக் காலமே ஒரு விடை தந்தது. 1992-இல் பாமா என்னும் ஆசிரியை தம் 'கருக்கு' நூலை வெளியிட்டார். தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சில காலம் துறவற சபையிலும் இருந்தவர் அவர். பிறர் வந்து கேட்டுச் சொல்லக் காத்திராமல், தம் மக்களின் பேச்சுமொழியிலேயே தம் வாழ்வைத் தாமே எழுதினார். வெளியிலிருந்து வந்தவரின் எழுத்து கதவைத் திறக்கலாம். உள்ளே இருப்பவர் எழுதும்போதுதான் வீட்டின் எல்லா அறைகளும் தெரியும்.

நம் ஊரும் தோலும்

இனி நம் பகுதிக்கு வருவோம். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டித் தோல் தொழில் பரவிக் கிடக்கிறது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆயினும் தொழிலும் துன்பமும் ஒன்றாகவே இருக்கின்றன.

உப்பளத்துக்கும் தோலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க முதலில் அதற்கு இடுவது உப்பு. தூத்துக்குடி போன்ற ஊரில் ஒரு பெண் தலையில் சுமந்த உப்பு இங்கே தோல்மேல் தூவப்படுகிறது. பிறகு தோலைக் கழுவும்போது அந்த உப்பு நீரோடு வெளியேறுகிறது. நம் கிணறுகள் கரித்துப்போனதற்கு அது ஒரு முக்கிய காரணம். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்துபவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக நிலைநாட்டிய புகழ்பெற்ற தீர்ப்பு அது. 2015-ஆம் ஆண்டு சனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட 10 பேர் இறந்தனர். மாண்டவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தமிழில் தோல் தொழிலாளரைப் பற்றிய பெரிய நாவல் உண்டு. டி. செல்வராஜ் எழுதி 2010-இல் வெளிவந்த 'தோல்' 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 1938-இல் பிறந்து 2019-இல் மறைந்த செல்வராஜ் வழக்கறிஞர். உழைப்போர் இயக்கங்களோடு இணைந்து வாழ்ந்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்த மக்கள் மெல்ல மெல்ல நிமிர்ந்து நின்ற வரலாற்றை அந்நாவல் சொல்கிறது. ஆனால் அதன் களம் திண்டுக்கல்.

எங்கள் தமிழ் இலக்கிய மன்றத்தில் 'கரிப்பு மணிகள்' நாவலைப் பகுதி பகுதியாகப் படித்தோம். எங்களுள் ஒருத்தி நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்று தன் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். அத்தாய் ஒரு ஷூ கம்பெனியில் தையல் எந்திரத்தில் மேல்பாகம் தைப்பவர். காலையில் சோறு ஆக்கி, டப்பாவில் கட்டிக்கொண்டு, கம்பெனி வண்டிக்கு ஓடுபவர். சிறிது நேரம் பேசாமல் கேட்டிருந்தவர் பிறகு சொன்னாராம்: "உப்புக்காரங்க கதைன்னு சொன்னியேம்மா, நம்ம கதையாட்டம் கீதே! நம்மளப் பத்தி யாரும் எழுதலையா?"

மகளுக்கு விடை தெரியவில்லை. மறுநாள் மன்றத்தில் அவள் இதைச் சொன்னபோது எங்களுக்கும் தெரியவில்லை. நம் பகுதி ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் உழைக்கிறார்கள். அவர்களுள் எத்தனையோ பேர் நம் தாய்மார்கள், நம் அக்காமார்கள், சிலர் சென்ற ஆண்டுவரை நம்மோடு பெஞ்சில் அமர்ந்திருந்தவர்கள். அவர்கள் தைத்த காலணியை அணிந்து கடல் கடந்த நாடுகளில் மக்கள் நடக்கிறார்கள். தைத்தவளின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று நாமே கேட்டதில்லை. உடன் வாழும் நாமே கேட்காதபோது, பிறர் வந்து எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையா?

நாம் செய்யத்தக்கவை

நாமெல்லாரும் நாவலாசிரியர் ஆகிவிட முடியாது. ஆனால் ராஜம் கிருஷ்ணன் செய்த முதல் மூன்று செயல்களையும் நாம் செய்யலாம்.

முதலாவது, நம் வீட்டில் உழைப்பவரிடம் உட்கார்ந்து கேட்கலாம். எந்த வயதில் வேலைக்குப் போனீர்கள்? முதல் மாதக் கூலி எவ்வளவு? அதில் என்ன வாங்கினீர்கள்? படிப்பை விட்டது ஏன்? உடம்பில் எங்கே வலிக்கிறது? 

இரண்டாவது, அவர்கள் சொல்லும் சொற்களை மாற்றாமல் எழுதிக்கொள்ளலாம். நம் ஊர்ப் பேச்சு கொச்சை என்று வெட்கப்பட வேண்டியதில்லை. 

மூன்றாவது, சொன்னவரின் அனுமதியின்றி எதையும் பிறருக்குக் காட்டலாகாது. ஏழையின் வேலை ஒரு சொல்லால் போய்விடக்கூடும். பெயரை மறைப்பதும் நீதியே.

பெற்றோரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகளைக் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணும் வீடுகள் இருக்கின்றன. கடன் நெருக்கும்போது அந்த எண்ணம் வருவதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகள் மட்டும் பொறுத்து அவளைப் படிக்க விடுங்கள் என்று கேட்கிறோம். உங்கள் வாழ்வை எழுதக்கூடியவள் அவளாகவே இருக்கலாம்.

முடிவுரை

ராஜம் கிருஷ்ணனின் முதுமை எளிதாக இருக்கவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் மறைந்தபின் ஆதரவு இழந்து, சென்னையில் முதியோர் இல்லத்தில் வாழ நேர்ந்தது. 2009-இல், அவர் உயிரோடு இருந்தபோதே, தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று அவர் காலமானார். 2025 அவருடைய நூற்றாண்டு.

நாட்டுடைமை என்றால் அந்நூல்கள் இனி நம் அனைவருக்கும் உரியவை. நம் பள்ளி நூலகத்தில் 'கரிப்பு மணிகள்' இருக்கிறது. அதை எடுத்துப் படியுங்கள். படித்தபின் வீட்டில் உள்ள ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அத்தாய் கேட்ட கேள்விக்கு நம் பள்ளியிலிருந்து ஒரு மாணவி என்றேனும் விடை எழுதுவாள் என்று நம்புகிறோம்.